கரையடிக் குழிகள்

கீழைவானம் வெளுத்து, ஓட்டுக்கூரைகளின் விளிம்பில் முதற்கதிர் மஞ்சள் பூசும் வேளை அது. மூன்று தெருக்கள் வந்து கூடும் தாழ்விடத்தில், நாற்புறமும் மண்கரை உயர்ந்து சூழ, ஊருக்கெல்லாம் பொதுவான மீன்குளம் கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அன்பரே. ஏனெனில் ஒரு காலத்தில் கரைமுட்ட நிறைந்து நெளிந்த அந்நீர், நாளுக்கு நான்கு விரலாக இறங்கி, படித்துறையின் பதினொரு படிகளையும் ஒவ்வொன்றாய் வெளியே காட்டிவிட்டு, வளைந்த மரமொன்று நின்ற மூலையை ஒட்டிய மடுவில் ஒடுங்கி, எஞ்சிய மீனையெல்லாம் நெருக்கி அணைத்துக்கொண்டிருந்தது. வெடித்துப் பிளந்த களித்தரையில் கொக்குகள் பந்திக்கு வந்தவர்போல் வரிசையாய் நின்றன. மழை பொய்க்கவில்லை, வெயிலும் வழக்கத்தை மிஞ்சவில்லை. குளம் ஒழுகுகிறது என்பதை ஊரே அறியும். எங்கே என்பதை ஒருவரும் அறியார். திங்கள் முடிவதற்குள் நீர் நில்லாவிடில் குளத்தைத் தூர்த்துக் கிடங்கு கட்டுவது என ஊர்மன்றம் முடிவு செய்திருந்தது. இன்னும் இருபது நாள்களே இருந்தன.

இதனால் வருந்தியவர் பலர். சோறு இறங்காமல் தவித்தவர் ஒருவர். அவர் தையற்காரர். பகலெல்லாம் ஊசியில் நூல் கோத்து, மாலையானால் தூண்டிலில் புழுக் கோத்து, இரண்டிலும் தம்மை விஞ்ச ஆளில்லை என்று உறுதியாய் நம்பி வாழ்பவர். மீன்பிடிப்போர் கூட்டத்துக்குத் தலைவரும் அவரே. எதிர்த்தெருவில் போகிறவன் சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தாலும், கடையில் இருந்தபடியே கண்டு, கூப்பிட்டுச் சொல்லி, அவனை நடுத்தெருவில் நாணவைப்பார். அத்தகைய கண்ணுக்கு எட்டு ஆண்டுகளாய் ஒன்று மட்டும் தட்டுப்படவில்லை. அதை உரிய இடத்தில் சொல்வோம்.

கரைக்கு வெளியே, அந்த வளைந்த மரத்தின் நிழலில் தொடங்கும் பொதுநிலத்தில் தோட்டம் போட்டிருந்தவர் இவர் மகளின் மாமியார். திருமணத்தன்று மருமகனுக்கு இவர் தைத்துக் கொடுத்த சட்டையின் கை அரைவிரல் குட்டை என்று அவ்வம்மையார் நாலுபேர் கேட்கச் சொல்லிவிட்டார். அன்று விழுந்த கிழிசல் இன்றுவரை தைபடவில்லை. குளத்தோடு கிணறுகளும் வற்றி ஊரெங்கும் செடிகொடி வாடிக்கிடக்க, அவர் தோட்டத்தில் மட்டும் பூசணிகள் தொந்தி தள்ளிக் கிடந்ததைக் கண்டபின் தையற்காரரின் வாய் சும்மா இருக்குமா? கூட்டம் கூடியபோது எழுந்து, “நான் யாரையும் சொல்லல. யாரு தோட்டம் மட்டும் பச்சையா இருக்குன்னு நீங்களே பார்த்துக்கங்க” என்று சொல்லி அமர்ந்தார். அப்பழி மாலைக்குள் மூன்று தெருவையும் சுற்றிவந்தது. மறுநாள் மகள் கடைவாயிலில் நின்று, “அப்பா, அந்தத் தோட்டத்தாலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவர் வாயில் ஊசியைக் கவ்வியிருந்தமையால் மறுமொழி சொல்ல இயலவில்லை என்று தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொண்டார்.

ஒழுகும் இடத்தைக் கண்டறிய முன்வந்தவர், தையற்காரரின் மனைவிக்குத் தம்பியான கொத்தனார். காற்றசையாத அந்தக் காலைப்பொழுதில், ஊரார் கரைமேல் மூச்சடக்கி நிற்க, அவர் இடுப்பளவு நீரில் இறங்கி ஒரு முறம் தவிட்டைப் பரவலாகத் தூவினார். தவிடு முதலில் சோம்பிக் கிடந்தது. பின்னர் ஒருவர் சொல்லுக்கும் காத்திராமல் மெல்ல நகர்ந்து, மூலைக்கரையின் ஓரத்தில் ஒன்றுகூடி, சிறிய சுழியொன்று சுழித்து உள்ளே போயிற்று. கூட்டம் கரையேறி மறுபுறம் இறங்கியது. அங்கே, தோட்டத்து வேலியை ஒட்டிய கரையடியில், கொத்தனார் சருகை விலக்க விலக்கக் குழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் நீர் கசிந்து மினுங்கியது.

“நண்டு வளை இல்ல இது. மனுசன் கையால வெட்டினது” என்றார் கொத்தனார்.

முதற்குழியைக் கண்டதும் தையற்காரர் இரண்டடி பின்வாங்கினார். அது அவருடைய குழி. கொழுத்த மண்புழு கிடைக்குமிடம் இதுவே என்று எட்டு ஆண்டுகளுக்கு முன் தனியே கண்டறிந்து, கட்டிய மனைவிக்கும் சொல்லாமல், மாலைதோறும் ஒரு கை ஆழம் வெட்டிப் புழு எடுத்து, சருகால் மூடிவிட்டு வந்த குழி. மண் ஈரமாக ஆகப் புழு கொழுத்தது. புழு கொழுக்கக் கொழுக்க அவர் ஆழமாய் வெட்டினார். ஆழமாய் வெட்ட வெட்ட மண் இன்னும் ஈரமாயிற்று. அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று, தெருவைத் தாண்டித் தையல் எண்ணும் கண்ணுடையார் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

“தண்ணி தோட்டத்துக்கு வர வழி வெட்டியிருக்காங்க, வேறென்ன?” என்றது கூட்டம். மீன்பிடிப்போர் கூட்டத்தின் செயலரான பள்ளி ஆசான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, தோட்ட உரிமையை நீக்கும்படி மன்றத்துக்கு எழுதும் தாளை விரித்தார். தோட்டக்கார அம்மையார் மண்வெட்டிக் காம்பில் கையூன்றி, ஒவ்வொருவர் முகமாய்ப் பார்த்தபடி நின்றார். அவர் தோளருகே தையற்காரரின் மகள் நின்றாள். தந்தையை அவள் பார்க்கவில்லை.

வாய்மூடி இருந்தால் தலைமை நிலைக்கும், கூடவே பழைய கிழிசலுக்குப் பழியும் தீரும். அதைத் தையற்காரர் நன்றாகவே அறிந்திருந்தார். ஆனால் மகள் வீட்டு அடுப்பு அணையும், உண்மையான ஓட்டையும் அப்படியே இருக்கும். ஆசானின் எழுதுகோல் தாளைத் தொட்டதும் அவர் கைநீட்டி மறித்தார்.

“எழுதாதீங்க சார். அந்தக் குழி நான் வெட்டினது. புழுவுக்காக. அவங்க மேல பழி போட்டதும் நான்தான். ரெண்டும் என் தப்பு.”

தையற்காரர் தலைகுனிந்து, ஏச்சுக்குக் காத்து நின்றார். ஏச்சு வரவில்லை. வந்தது கொத்தனாரின் இருமல்.

“ஒரு குழிதானே உங்களது, அத்தான்? இங்க ஏழு இருக்கே.”

ஆசான் தாளை நான்காய் மடித்தார். பிறகு எட்டாய் மடித்தார். “அந்த மூணாவது… என்னோடதா இருக்கலாம்” என்றார், மாணவன் போன்ற குரலில். “நாலாவது நான்” என்றார் தபால்காரர். சலவைக்காரரும் அவர் அண்ணனும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தனர். குழி வெட்டிய ஒவ்வொருவரும், ஊரில் தாம் ஒருவரே அவ்விடத்தை அறிந்தவர் என்று இத்தனை ஆண்டும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர்கள். கொத்தனாரோ, “சருகுக்கு அடியில குழி இருக்கும்னு நான் நேரா போய் விலக்கினதுலயே உங்களுக்குப் புரிஞ்சிருக்கணும். ஆறாவது என்னோடது” என்று சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஏழாவதற்கு ஆளில்லை. வேலியோரம் செம்மையாக வெட்டி, சருகுக்குமேல் கல்லும் வைத்து மூடப்பட்ட நேர்த்தியான குழி அது.

“அது என்னுது” என்றார் தையற்காரரின் மனைவி. “நீங்க கடையில குனிஞ்சு தைச்சுக்கிட்டு இருக்கிற நேரத்துல வந்து ரெண்டு மீன் பிடிப்பேன். கடைவீதியில வாங்கினேன்னு குழம்பு வச்சுப் போடுவேன். நீங்களும், ‘நான் பிடிக்கிற மாதிரி வருமா’ன்னு சொல்லிக்கிட்டே சாப்பிடுவீங்க.”

முதலில் சிரித்தது தோட்டக்கார அம்மையார். மண்வெட்டியைக் கீழே போட்டு, முந்தானையால் வாயைப் பொத்தி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நீங்க ஒவ்வொருத்தரும் பூனை மாதிரி வந்து போறத பந்தலுக்குப் பின்னால இருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். பூசணி நல்லா காய்ச்சுது, நானும் கண்டுக்கல. என் மேலயும்தான் தப்பு. ஆனா பழி வந்தப்போ, ஒருத்தராவது வாயத் திறக்கிறீங்களான்னு பார்க்கணும்னு இருந்துச்சு. நல்லவேளை, நம்ம சம்பந்தி திறந்தார்.” அதன்பின் அந்தக் கரையில் எழுந்த சிரிப்பு, காய்ந்த தரையில் நின்ற கொக்கு அத்தனையையும் கிளப்பிவிட்டது.

சிரித்த வாயோடே வேலை தொடங்கியது. ஏழு குழியும் ஒன்றோடொன்று உள்ளே கைகோத்துக் கரையைத் துளைத்திருந்தமையால், கொத்தனார் அவ்விடத்தைக் குறுக்கே பிளந்து, கெட்டிமண் தட்டுப்படும் ஆழம்வரை அகழச் செய்தார். மடுநீரைத் தடுக்க முன்னே மண்மூட்டைகளை அடுக்கினார். குளத்தின் வறண்ட பக்கத்தில் வெடித்துக் கிடந்த களியையே வெட்டி, கல்லும் வேரும் பொறுக்கி, நீர்விட்டுக் குழைத்து, ஒரு சாண் கனத்துக்கு இட்டார்கள், இட்டதை மிதித்தார்கள், குதிகால் பதியாத இறுக்கம் வந்தபின்பே அடுத்த சாண் ஏறியது. தபால் பையைத் தோளினின்று இறக்காமலே மிதித்தவர் உண்டு. பாடம் ஒப்புவிக்கும் சந்தத்தில் மிதித்தவர் உண்டு. சலவைத் துணியைத் துவைத்த காலுக்குக் களி எம்மாத்திரம் என்று காட்டியவரும் உண்டு. தையற்காரர் முழங்கால்வரை சேறு பூசி, தம் மகளின் மாமியாருக்கு எதிரே நின்று அடிக்கு அடி மிதித்தார். “அந்த இடம் அரைவிரல் குட்டையா இருக்கு, சம்பந்தி” என்று அவர் சுட்ட, இவர் மறுபேச்சின்றி அங்கே இன்னொரு கூடை களி கொட்டினார். ஆறாம் நாள் பொழுது சாயுமுன் கரை தன் பழைய உயரத்தை எட்டியது. வெளியே கையால் தடவிப் பார்த்தார்கள், அடிமண் உலர்ந்திருந்தது.

இடையில் பெய்த இரு மழையையும் குளம் தன்னிடமே வைத்துக்கொண்டது. திங்களின் கடைநாளில் மன்றத்தார் அளவுகோலோடு வந்தபோது நீர் ஆறாம் படியைத் தொட்டு அசையாது நின்றது. அவர்கள் இருமுறை அளந்தார்கள். கிடங்கு வேறிடத்தில் அமையட்டும் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் தங்களுக்கும் ஒரு தூண்டில் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

இப்போது புழு வேண்டுவோர் தோட்டத்து எருக்குவியலுக்குப் பட்டப்பகலில் வரிசையாய்ப் போகிறார்கள். அம்மையார் யார்யாருக்கு எத்தனை என்று அதட்டிக் கொடுக்கிறார். தையற்காரரும் அவர் மனைவியும் மாலையில் கரைமேல் அருகருகே அமர்கின்றனர். பெரும்பாலும் மனைவியின் தூண்டில் தக்கையே முதலில் அமிழ்கிறது. கூடை தூக்கும் வேலை கணவருக்கு. அதைக் குறையென்று அவர் கருதவில்லை, எதிர்ப்படுவோரிடமெல்லாம் தாமே நின்று சொல்லி மகிழ்கிறார்.

எழுவர் ஏழிடத்தில் மறைத்ததை ஓரிடத்தில் நின்று சொன்னார்கள், அன்பரே. அந்த ஊர் செய்த அருஞ்செயல் அவ்வளவே. மற்றதை மண்ணும் நீரும் அவர்களின் கால்களும் பார்த்துக்கொண்டன.