குளிர் வாங்கப் போனவர்

தோய்ப்பதற்காகக் கணவரின் சட்டையைக் கையில் எடுத்த சிவமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்துப் பட்டியில் ஈரமில்லை. கக்கத்தில் ஈரமில்லை. முதுகில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடும் இல்லை. காலையில் அவள் அழுத்திக் கொடுத்த மடிப்புக் கூடக் கலையாமல் இருந்தது. மனிதர் காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியே போனவர், வெயில் சாய்ந்த பிறகுதான் வந்து படியேறினார். அதுவும் சித்திரை மாதத்துக் கொழும்பில். கொட்டாஞ்சேனைச் சந்திவரை போய் ஒரு கட்டுக் கீரை வாங்கி வந்தாலே உடம்பில் சேலை ஒட்டிக்கொள்ளும் நாட்கள் அவை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. முந்தின ஐப்பசியில், சண்டை நெருங்கி யாழ்ப்பாணமே ஒரே இரவில் வெளிக்கிட்டபோது இவர்களும் வெளிக்கிட்டு, தென்மராட்சியில் உறவினர் வீட்டிலும் வவுனியாவில் முகாமிலும் இருந்துவிட்டுக் கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். கனடாவில் இருந்த மகள் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். வாடகைக்குக் கிடைத்தது டோரின் அக்காவின் மேல்மாடி அறை. மாடி என்று சொன்னாலும் அது பிறகு எழுப்பிய அறை. தலைக்கு மேலே அஸ்பெஸ்டஸ் தகடு. அந்த வருஷம் மலைநாட்டில் மழை பெய்யாமல் நீர்த்தேக்கங்கள் வற்றிப்போக, கொழும்பில் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்கள். மின்விசிறி நிற்கும்போது அதன் கடைசிச் சுற்றைப் பார்த்துக்கொண்டே சிவமணி மூச்சை இழுத்துக்கொள்வாள். கணவர் நாகேந்திரம் அவளுடைய பழைய சேலைகளை எடுத்துத் தகட்டுக்குக் கீழே ஊசி குத்திப் பந்தல் மாதிரிக் கட்டியிருந்தார். அதனால் வெக்கை குறைந்ததோ இல்லையோ, படுத்துக்கொண்டு மேலே பார்க்கும்போது பூப்போட்ட வானம் ஒன்று தெரிந்தது.

யாழ்ப்பாணத்து வெயில் அவளுக்குப் பழக்கமானதுதான். அது கண்ணைப் பொசுக்கும், மண்ணைச் சுடவைக்கும். ஆனால் அங்கே வெயில் என்றால் வெயில், நிழல் என்றால் நிழல். ஒரு வேம்புக்குக் கீழே போய் நின்றால் வியர்வை தானாகக் காய்ந்துவிடும். இங்கே நிழலும் வெந்துகொண்டிருந்தது. கடல் பக்கத்தில் இருந்தும் காற்றில் தண்ணீர்தான் இருந்தது, காற்று இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதும் சத்தம்கூட நனைந்துபோய் வருவது போலிருந்தது.

கீழே டோரின் அக்கா தன் ஹவுஸ்கோட்டின் கழுத்துக்குள் பவுடரைக் கொட்டிக்கொண்டு, ஈரத் துவாயைத் தலையில் போட்டபடி, சீமெந்து நிலத்தில் காலை நீட்டிக்கொண்டு இருப்பாள். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண் அவள். "இதெல்லாம் ஒரு ஹீட்டா சிவமணி? மே மாசம் வரட்டும், அப்ப பாருங்க" என்று பயமுறுத்துவாள். அவளுக்கு உதவியாக இருந்த பேச்சியம்மா பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். அவளுக்குத்தான் பாவம், கழுத்து முழுக்க வேர்க்குரு. "எங்க தோட்டத்துல இந்நேரம் கம்பளிய போத்திக்கிட்டு அடுப்புகிட்ட குந்தியிருப்போங்கம்மா. வேர்வைன்னா மல ஏறுனா மட்டுந்தான்" என்று சொல்லி, தண்ணீர்த் தொட்டியின் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதரின் சட்டை மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

"இஞ்சேருங்கோ, பகல் முழுக்க எங்கை போய் இருக்கிறியள்?"

"சும்மா, உதிலை நடந்துபோட்டு வாறன்."

"நடந்தால் சேட்டு நனையும். பொய் சொல்லாதேங்கோ."

நாகேந்திரம் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் உடனே பிடிபட்டுவிடுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாங்கிலை இருக்கிறனான்."

"என்ன அலுவலா?"

"ஒரு அலுவலும் இல்லை. ஏசி. அவையளிட்டை ஜெனரேட்டர் இருக்கு, கரண்ட் போனாலும் நிக்காது. வாசலிலை நிக்கிற மனுசன் நல்லவன், ஒண்டும் கேக்கிறேல்லை. நாளைக்கு நீரும் வாருமன்."

சிவமணிக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. ஜனவரியில் கோட்டையில் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு வங்கிப் பக்கமே போக எல்லோரும் பயந்துகொண்டிருக்க, யாழ்ப்பாண அடையாள அட்டையை வைத்துக்கொண்டு இவர் அங்கே குளிர் வாங்கப் போகிறார். வரமாட்டேன் என்றாள். மறுநாள் கரண்ட் வெட்டிய கையோடு சேலை மாற்றிக்கொண்டு அவரோடு படியிறங்கினாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முகத்தில் வந்து பட்ட அந்தக் குளிரை அவள் பிறகு ஆயுளுக்கும் மறக்கவில்லை. மூலையில் இருந்த நீளமான இருக்கையில் இருவரும் போய் அமர்ந்தார்கள். முதலில் கழுத்துக் காய்ந்தது. பிறகு முதுகு. கொஞ்ச நேரத்தில் கையில் மயிர் சிலிர்த்தது. அவர் அவள் பக்கம் சரிந்து மெல்லச் சொன்னார்: "நுவரெலியா மாதிரி இருக்கு, என்ன?"

கல்யாணம் முடித்த புதிதில் அவருக்கு நுவரெலியா தபாற்கந்தோரில்தான் வேலை. தகரக் கூரை போட்ட சின்னக் குவாட்டர்ஸ். காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைக்கும். அவருடைய கோட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு அவள் அடுப்படியில் நிற்பாள். அக்கம்பக்கத்துச் சிங்களப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். 'ஹுலங்க, ஹுலங்க' என்று சொல்லிக் கதவைச் சாத்தக் கற்றுக்கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஹுலங்க என்றால் காற்று. அவள் படித்த முதல் சிங்களச் சொல். அப்போதெல்லாம் இருவருக்கும் கதைக்க எவ்வளவோ இருந்தது. வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு, சாமான் எங்கே, பயணப் பாஸ் எங்கே, மகள் என்ன சொன்னாள் என்பதைத் தவிர வேறு கதையே இருக்கவில்லை. அன்றைக்கு அந்த வங்கி மூலையில் அவர்கள் நெடுநேரம் கதைத்தார்கள். நுவரெலியாவில் குடைக்குள் பனியைப் பிடித்துப் பார்த்தது, மகள் பிறந்தபோது கரி அடுப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்தது, எல்லாம். வாசலில் நின்ற காவலாளி ஒருமுறை இவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

அதன் பிறகு அவளும் அடிக்கடி போனாள். ஒருநாள், அந்தக் குளிரில் இருந்து சூடாகத் தேத்தண்ணி குடித்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஆசை வந்தது. பிளாஸ்க்கில் இஞ்சி போட்டு ஊற்றி, துணிப் பையில் வைத்துக்கொண்டு அவரோடு போனாள்.

அன்றைக்கு வாசலில் நின்றது வேறு ஆள்.

பையைத் தொட்டுப் பார்த்தவனின் விரல், நீளமாக உருண்டையாக இருந்த பிளாஸ்க்கில் பட்டதும் முகம் மாறிவிட்டது. உள்ளே போய் யாரிடமோ கதைத்தான். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் ஒருத்தி, "இவர் ஒவ்வொரு நாளும் வந்து சும்மா இருந்துவிட்டுப் போகிறவர்" என்று சிங்களத்தில் சொன்னது சிவமணிக்கும் விளங்கியது. அது உண்மைதானே. பொலிஸ் ஜீப் வந்தபோது மூடியைத் திறந்த பிளாஸ்க்கிலிருந்து இஞ்சி வாசம் அந்தக் குளிர்ந்த அறை முழுக்கப் பரவியிருந்தது. தேத்தண்ணிதான் என்று தெரிந்தும் அவர்கள் விடவில்லை. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், அவரை மட்டும் ஏற்றினார்கள். ஜீப்பில் ஏறும்போது நாகேந்திரம் திரும்பி, "நீர் வீட்டை போம். வெயிலுக்கை நிக்காதையும்" என்றார்.

டோரின் அக்கா விஷயத்தைக் கேட்டதும் ஹவுஸ்கோட்டைக் கழற்றிவிட்டு, பூசைக்குப் போகும்போது உடுத்தும் சேலையை உடுத்தினாள். முகத்துக்குப் பவுடர் போட்டாள். "அழுதுகிட்டு நிக்காதீங்க. நான் வாறேன். சிங்களம் நான் பேசிக்கிறேன்" என்று ஓட்டோவை நிறுத்தினாள்.

பொலிஸ் நிலையத்தில் இருந்த சப் இன்ஸ்பெக்டர் மெலிந்து கறுத்த, நடுவயது மனிதர். கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாத ஒருவர் ஏன் தினமும் வங்கியில் போய் இருக்கிறார், அதைச் சொல்லுங்கள் என்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"ரஸ்னே நிசா, மாத்தயா" என்றாள் டோரின். சூட்டினால்தான், ஐயா.

அவர் எழுந்தார். பிறகு தொப்பியை எடுத்தார். "அந்த அறையைக் காட்டுங்கள்."

உச்சி வெயில். கரண்ட் இல்லாத நேரம். இரண்டு கான்ஸ்டபிள்களும் அவரும் சப்பாத்தோடு மேலே ஏறினார்கள். டிரங்குப் பெட்டியைக் கொட்டினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள், சாமிப் படத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். சிவமணி சுவரோடு ஒட்டி நின்றாள். முதலில் ஒரு கான்ஸ்டபிள் கீழே போய்ப் பார்க்கிறேன் என்று போனான். பிறகு மற்றவனும் போனான். சப் இன்ஸ்பெக்டரின் காக்கிச் சட்டை நெஞ்சில் கறுத்து, பிறகு வயிறுவரை கறுத்தது. மேலே கட்டியிருந்த சேலைகளைக் கண்டதும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பொல்லால் ஒரு குத்துக் குத்தினார். ஊசிகள் கழன்று, சேலைகள் இரண்டும் அவர் தலைமேல் வந்து விழுந்தன. அவற்றோடு, அதுவரை மேலே அடைபட்டுக் கிடந்த வெக்கையும் அடுப்பைத் திறந்தாற்போல் இறங்கியது.

சேலையை விலக்கி வெளியே வந்தவர், இருமிக்கொண்டே கட்டிலின் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். தொப்பி கீழே கிடந்தது. பேச்சியம்மா தேசிக்காய்த் தண்ணீரோடு வாசலில் வந்து நின்றாள். யாரும் சொல்லாமலே கரைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் அதை ஒரே மூச்சில் குடித்தார்.

"மேக்கே கொஹொமத மினிஸ்ஸு இன்னே?" இதற்குள் எப்படி மனிதர் இருப்பது?

தகடு வெயிலில் விரிந்து டக்கென்று சத்தம் போட்டது. அவர் வெளியே, கூரைகளுக்கு அப்பால் பார்த்தபடி, தனக்குத்தானே போலச் சொன்னார். தன் ஊர் பொலன்னறுவைப் பக்கம். அங்கேயும் இப்படித்தான் சூடு. "ஹபை ரே வெனகொட்ட ஹுலங்க எனவா."

டோரின் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அதற்கு முன்பே சிவமணிக்கு விளங்கிவிட்டது. ராத்திரியானால் காற்று வரும் என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அபே கமேத் எனவா, மாத்தயா" என்றாள். எங்கள் ஊரிலும் வரும், ஐயா.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அதற்காக நாகேந்திரத்தை உடனே விட்டுவிடவில்லை. மறுநாள் பின்னேரம்தான் விட்டார்கள், இனி வங்கிப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு. அடிக்கவில்லை என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து அவர் படியிறங்குவதையே விட்டுவிட்டார். பகல் முழுக்கத் தகட்டுக்குக் கீழே, பெனியனோடு கட்டிலில் இருந்தார். விழுந்த சேலைகளைத் திரும்பக் கட்டவும் இல்லை. சிவமணி ஈரத்துணியால் துடைத்துவிட்டால், வேண்டாம் என்றும் சொல்வதில்லை, வேணும் என்றும் சொல்வதில்லை. ஒருநாள் மத்தியானம் எழுந்து நின்றவர் கண் இருண்டு சுவரைப் பிடித்தபடி சரிந்தார். டோரினும் பேச்சியம்மாவும் ஓடிவந்து கீழே இறக்கிச் சீமெந்து நிலத்தில் கிடத்தினார்கள்.

"இனி இவர மேல வச்சிருக்க ஏலாது" என்றாள் டோரின். "நாளைக்கு எங்கட கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க."

நாகேந்திரம் கண்ணைத் திறந்தார். திருநீறு பூசாமல் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். பல நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு முழு வசனம் வந்தது. "என்ன தங்கச்சி, வெயிலுக்குப் பயந்து உங்கடை வேதத்திலை சேரச் சொல்லுறீரோ?"

"சேர வேணாம். கும்புடவும் வேணாம். சும்மா இருந்தா போதும். அங்க ஒரு பொலிசும் வந்து ஏன் இருக்கிறீங்கன்னு கேக்க மாட்டாங்க."

கனடாவுக்குப் போய்ப் பல வருஷம் கழித்து, அவர் காலமான பிறகு, ஸ்காபரோவில் பனி கொட்டும் நாட்களில் ஜன்னலோரம் இருக்கும் சிவமணிக்கு நினைவில் வருவது பெரும்பாலும் அந்தக் கொட்டாஞ்சேனை வெக்கைதான். "வேர்த்து ஊத்தின இடத்தை என்னத்துக்கம்மா நினைக்கிறியள்?" என்று மகள் கேட்பாள். என்ன சொல்வது? அதுதான் அவரும் அவளும் சேர்ந்து வேர்த்த கடைசி இடம் என்றா?

மறுநாள் டோரின் கூட்டிப்போன லூசியா கோயிலுக்குள் அவள் அதற்கு முன் போனதில்லை. பெரிய வாசலைத் தாண்டியதும் வெளிச்சம் தணிந்தது. கூரை எங்கேயோ வானத்தில் இருந்தது. நாகேந்திரம் நெற்றி நிறையத் திருநீற்றோடு தயங்கித் தயங்கி வந்து, கடைசி வாங்கில், எழுந்து ஓட வசதியாக நுனியில் உட்கார்ந்தார். முன்னால் தூரத்தில் டோரின் முழந்தாளிட்டிருந்தாள். பேச்சியம்மா ஒரு தூணில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சிவமணி தன் செருப்பைக் கழற்றி நிலத்தில் பாதத்தை வைத்தாள். குளிர் உள்ளங்காலிலிருந்து மெல்ல மேலே ஏறியது. அதைச் சொல்லத் திரும்பினாள்.

அவர் தூங்கிவிட்டிருந்தார். வாய் சற்றே திறந்திருந்தது, தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. பூக்களை மாற்றிக்கொண்டிருந்த கோயில் வேலைக்காரர் ஒருவர் கையில் வாளியோடு அந்தப் பக்கம் வந்தார். தூங்குகிறவரையும் அவர் நெற்றியையும் பார்த்தார். சிவமணி எழும்பப் போனாள். அவர் இருங்கள் என்று கையால் காட்டிவிட்டு, வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்து, நாகேந்திரத்தின் முழங்காலில் வெயில் விழுந்துகொண்டிருந்த பக்கக் கதவை இழுத்து ஒருக்களித்துச் சாத்தினார்.