ஐம்பத்து மூன்று மணிகள்

தெக்லா மனதுக்குள் பத்து வரை எண்ணினாள். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி முதல் பாதியைச் சொல்லி முடித்துவிட்டு, மறுபாதிக்காக எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு, ஒன்பது, பத்து. இன்னாசிமுத்து மெழுகுவர்த்தியைப் பார்த்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை. சரி, இந்த மணி போகட்டும் என்று ஜெபமாலையில் அடுத்த மணிக்கு விரலை நகர்த்தி மறுபடியும் முதல் பாதியைச் சொன்னாள். மறுபடியும் பத்து. மொத்தம் ஐம்பத்து மூன்று மணிகள். மற்ற வீடுகளில் இருபது நிமிடத்தில் முடிகிற ஜெபமாலை இந்த ஒற்றை அறை வீட்டில் முக்கால் மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் யாரும் எதுவும் பேசுவதில்லை.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, இருபத்தாறு வருஷமாக நின்ற அதே லேத் மெஷின் முன்னால் இன்னாசிமுத்து சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள். வலது காலும் வலது கையும் போய், கால் மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசு வரை நடப்பார். பேச்சு வரவில்லை. ‘தா’ என்ற ஒரே ஓர் எழுத்துதான் வாயில் மிச்சம் இருந்தது. தண்ணீருக்கும் தா, டிவியை நிறுத்துவதற்கும் தா, கோபத்துக்கும் தா. அத்திப்பள்ளியில் கட்டிக்கொடுத்த மகள் ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு வந்தால், அதற்கும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ‘தா’தான். தாத்தாவும் பேரனும் ஒரே பாஷை பேசுகிறார்கள் என்று மகள் சிரித்துவிட்டு, அடுப்படிப் பக்கம் போய் அழுதாள்.

பேச்சு போவதற்கு முன்னால் அவர் பேசுகிற ஆள் என்றும் சொல்ல முடியாது. வீட்டில் நாளுக்கு நாலு வார்த்தை. ஆனால் ஜெபமாலை என்று வந்துவிட்டால் ஆளே வேறு. வீட்டிலும் சரி, தெருவில் பத்துக் குடும்பம் கூடுகிற அன்பியத்திலும் சரி, முன்னால் உட்கார்ந்து முதல் பாதியைத் தொடங்கி வைப்பவர் அவர்தான். மற்றவர்கள் பின்பாதியைச் சொல்ல வேண்டும். என்ன ஒரு வேகம். தெக்லா முந்தானையை இழுத்துத் தலையில் போடுவதற்குள் முதல் மணி முடிந்திருக்கும். சனங்கள் பின்பாதியை இழுத்து இழுத்துச் சொன்னால் முழங்காலில் ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டுவார், சீக்கிரம் என்று அர்த்தம். “மாதாவுக்கென்ன, பஸ்ஸா போயிடப்போவுது?” என்று தெக்லா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அடுத்த நாளும் தட்டினார்.

ஜெபமாலையை வைத்துப் பேச்சை வெளியே இழுக்கலாம் என்ற யோசனை பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அனுப்ரியா சொன்னது. சின்னப் பெண், மகளைவிட வயது குறைவு.

“மனப்பாடமா இருக்கறதெல்லாம் மூளையில வேற எடத்துல இருக்கும் ஆன்ட்டி. ஒண்ணு ரெண்டு சொல்றது, பாட்டு, சாமி கும்பிடறப்ப சொல்றது. சில பேருக்கு அது மொதல்ல வரும். நீங்க பாதி சொல்லிட்டு நிறுத்துங்க, அவரு முடிக்கட்டும். ஆனா எடுத்துக் குடுக்காதீங்க. பத்து எண்ணற வரைக்கும் வாயே தெறக்கக் கூடாது.”

“அது வந்துட்டா பேச்சும் வந்துருமாம்மா?”

“அப்படி உறுதியா சொல்ல முடியாது ஆன்ட்டி. ஒண்ணு வந்துச்சுன்னா அத வெச்சிக்கினு மத்ததுக்கு முயற்சி பண்ணலாம்.”

உறுதியாகச் சொல்லாவிட்டால் என்ன, முயற்சி என்று ஒரு வார்த்தை கிடைத்தது தெக்லாவுக்குப் போதும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று தொடங்குவது, பிறப்புத் திருநாள் வரைக்கும் ஒரு நாள்கூட விடுவதில்லை என்று முடிவு செய்தாள். அவள் ஒன்று முடிவு செய்துவிட்டால் பிறகு அவளாலேயே அதை மாற்ற முடியாது.

நாள் குறித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எலத்தகிரியில் இருக்கிற நாத்தனார் ஜோதியம்மாள் வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்தாள்.

“பொறப்பு முடிஞ்சதும் வண்டி எடுத்துக்கினு வர்றன் தெக்லா. நீ காத்தால வேலைக்குப் போனா சாயங்காலம் வர்ற. தம்பி அந்த ரூமுக்குள்ள செவுத்தப் பாத்துக்கினு கெடக்கறான். இங்கன்னா நாலு பேரு இருக்கறோம். பேசாதவனுக்கு ஓசூரு என்னா, எலத்தகிரி என்னா.”

“பொறப்பு வரைக்கும் இருக்கட்டும் அண்ணி.”

“அதுக்கப்பறம்?”

“அப்ப பாத்துக்கலாம்.”

ஜோதியம்மாள் கெட்டவள் இல்லை. தம்பியைத் தங்கமாகப் பார்த்துக்கொள்வாள். வேளைக்குச் சோறு ஊட்டி, வெயிலுக்கு நாற்காலியைப் போட்டு, தா என்றால் தண்ணீர், இன்னொரு தா என்றால் போர்வை என்று எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். அதுதான் தெக்லாவுக்குப் பயம். அந்த வீட்டில் அவர் பேச வேண்டிய அவசியமே இருக்காது. அவர் ஒரு வார்த்தை சொல்வாரென்று பத்து எண்ணிக்கொண்டு யாரும் உட்கார மாட்டார்கள். ஒரு வருஷம் போனால் அந்த தாவும் தேய்ந்துவிடும். அன்பாலேயே ஆளை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள்.

தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் தெக்லாவுக்கு வேலை. காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, குளிர் அறையில் அடுக்க வேண்டும். டிசம்பர் என்றால் வெளிநாட்டு ஆர்டர் குவியும். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போனாலும் எலும்பு வரை சில்லிடும். திருவருகைக்கு ஏற்றுகிற ஊதா மெழுகுவர்த்தி பஜாரில் எங்கும் கிடைக்காததால் வெள்ளை மெழுகுவர்த்தி நான்கு வாங்கி, மூன்றுக்குப் பண்ணையில் கட்டுக் கட்டும் ஊதா ரிப்பனையும் மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியதற்கு ரோஸ் ரிப்பனையும் அடியில் சுற்றினாள். எவர்சில்வர் தட்டில் அவற்றை நிறுத்தி, காம்பு குட்டையென்று கழித்துப்போட்ட ரோஜாக்களைச் சுற்றிலும் வைத்தாள். வாரத்துக்கு ஒன்று கூட்டி ஏற்ற வேண்டும்.

பகலில் இன்னாசிமுத்துவைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு ஃபகருன்னிசா. கதவைத் திறந்துபோட்டுவிட்டு இரண்டு வீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தையல் மெஷின் ஓட்டுவாள்.

“எங்க நோம்பு மாதிரியாக்கா இது உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“பட்டினி இல்ல நிசா. காத்துக்கினு இருக்கறதுதான் நோம்பு.”

“அதுக்குப் பட்டினியே தேவல” என்றாள் நிசா.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் நடந்தது, ஆனால் வேறு மாதிரி. தெக்லா மெழுகுவர்த்தி ஏற்றியதுமே இன்னாசிமுத்துவுக்கு நிலைகொள்ளாமல் போனது. நாற்காலியில் நெளிந்தார், இடது கையைத் தூக்கி அவளை நோக்கி வீசினார். அவள் தொடங்கியதும் தா, தா என்று கத்தினார். இரண்டாம் ஞாயிறன்று அவள் மடியில் இருந்த ஜெபமாலையைப் பிடுங்கிக் கீழே எறிந்தார். தெக்லா அதை எடுத்து உதட்டில் வைத்து முத்தி செய்து, விட்ட மணியிலிருந்து தொடர்ந்தாள். கடவுள் மேல் கோபம், இருக்கட்டும், எனக்கும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“கோவமா என்னான்னு தெரியலக்கா,” என்றாள் நிசா மறுநாள். “நீங்க வர்ற நேரம் ஆச்சுன்னா அண்ணன் வாயி தானா அசையுது. நீங்க வந்து ஆரம்பிச்சதும் நின்னுடுது.”

“பல்லு கடிப்பாரு” என்றாள் தெக்லா. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாம் ஞாயிறும் போய், ரோஸ் ரிப்பன் கட்டிய மெழுகுவர்த்தியும் பாதி கரைந்தது. பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலையில் கம்பெனி பஸ் பனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, பங்குக் கோயில் வாட்ஸ்ஆப் குழுவில் வந்திருந்த அன்றைய வாசகத்தைத் தெக்லா போனில் படித்தாள். குரு செக்கரியா தூபம் காட்டப் போன இடத்தில், வயதான காலத்தில் பிள்ளை பிறக்கும் என்று தூதர் சொன்னதை நம்பாமல் ஊமையாகிப் போன கதை. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான், ஆனால் இன்றைக்கு ஆத்திரம் வந்தது. அவர் நம்பவில்லை, வாய் போனது. என் வீட்டுக்காரர் எதை நம்பாமல் போனார்? அப்புறம் செக்கரியாவின் மனைவி எலிசபெத்தின் ஞாபகம் வந்தது. வயிற்றில் பிள்ளையோடு ஊமைப் புருஷனை வைத்துக்கொண்டு அந்த அம்மா அத்தனை மாதம் என்ன செய்தாள்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளும் எண்ணியிருப்பாள், பத்து பத்தாக. எழுதினவர்கள் ஆம்பளைகள், அவர்களுக்கு எங்கே தெரியும் என்று தெக்லா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். என்னை விட்டுவிடாதே, நான் விடமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவள் மனதாரச் செய்த ஜெபம் அதுதான்.

அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். புதன்கிழமையே கரகரத்த தொண்டை வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுசாக அடைத்துக்கொண்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நிசாவிடம் என்னவோ சொல்ல வாய் திறந்தால் வெறும் காற்று வந்தது.

“ஐயோ, பேசாதீங்கக்கா. மொளகு பால் போட்டுக்கினு வர்றன்” என்று நிசா தன் வீட்டுக்குப் போனாள்.

தெக்லா முகம் கழுவிவிட்டு வந்தாள். இன்றைக்கு விட்டுவிடலாமா என்று நினைத்த மறுகணமே தன் மேலேயே எரிச்சல்பட்டாள். இருபதாவது நாள். இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. மூன்று மெழுகுவர்த்தியையும் ஏற்றினாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஜெபமாலையைக் கையில் எடுத்து வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. கனைத்துப் பார்த்தாள், தொண்டையில் முள் குத்தினதுதான் மிச்சம். மறுபடி முயன்றாள், மறுபடியும் காற்று. இத்தனை நாள் அவர் இப்படித்தான் இருந்திருக்கிறாரா என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது. தலை குனிந்துகொண்டு சும்மா இருந்தாள். எண்ணவும் இல்லை.

“தா” என்றார் இன்னாசிமுத்து.

அவள் நிமிரவில்லை.

“தா... அ... அரு.”

வாய் ஒரு பக்கம் இழுத்தது. எச்சில் வழிந்தது. “அருள் நெற... நெறஞ்ச” என்று ஒரு குரல், மூன்று மாதமாகக் கேட்காத குரல், கல்லில் தடுக்குவதுபோல் தடுக்கியது. பிறகு பழைய தடத்தில் ஏறிவிட்டது. மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே என்று குழறிக் குழறி, ஆனால் அதே பழைய வேகத்தில், இயேசுவின் பெயர் வரைக்கும் ஓடி, முதல் பாதி முடிகிற இடத்தில் சரியாக வந்து நின்றது.

தெக்லா ஜெபமாலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். இந்த மனுஷன் முப்பது வருஷத்தில் ஒருநாளாவது மறுபாதி சொல்லிக் கேட்டிருக்கிறாளா? தொடங்குவதுதானே அவர் வேலை. பின்பாதி அவளுடையது, சனங்களுடையது. இருபது நாளாக அவருடைய பாதியை இவள் எடுத்துச் சொல்லிவிட்டு, தன்னுடைய பாதியை அவரிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் வாய் அசைந்திருக்கிறது, தினமும் இவள் முந்திக்கொண்டாள். பைத்தியக்காரி, பைத்தியக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டுக்குமே சத்தம் இல்லாமல் உடம்பு மட்டும் குலுங்கியது.

தட்டின் அருகே போன் அதிர்ந்தது. ஜோதியம்மாளின் பெயர் தெரிந்தது. தெக்லா அதைக் கவிழ்த்து வைத்தாள். வாசலில் டம்ளரோடு வந்த நிசா, உள்ளே காலெடுத்து வைக்காமல் அங்கேயே நின்றாள்.

இன்னாசிமுத்து தெக்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அதிசயம் ஒன்றும் இல்லை. தன் பாதியைச் சொல்லி முடித்துவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கிற மனுஷனின் முகம்தான் அது. அவள் உதட்டை அசைத்தாள். மறுபாதி தொடங்குகிற புனித மரியே என்பதில் முதல் எழுத்துகூட வெளியே வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி மூச்சை இழுத்தாள்.

அவருடைய இடது கை மெல்ல நகர்ந்து முழங்காலுக்கு வந்தது. ஆள்காட்டி விரல் இரண்டு தட்டு தட்டியது.