வீட்டில் பிட்ட அப்பம்

அண்ணன் ஜெபத்தைத் தொடங்கியதும் அவள் அடுப்படிக்கு நழுவிவிட்டாள். துடைத்த மேடையையே மறுபடி துடைத்தாள். குழாயைத் திறந்தாள், எதற்கென்று தெரியாமல் மூடினாள். படுக்கையறையில் அவள் கணவர் கிடந்தார். கட்டிலைச் சுற்றிச் சபையார் நின்றிருந்தார்கள். எழுந்து நடப்பார், எழுந்து நடப்பார் என்று அண்ணனின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

அண்ணன்தான் அவர்கள் சபையின் போதகர். மருத்துவர் கைவிரித்த அன்றே, மாப்பிள்ளை குணமாகிவிடுவார் என்று பிரசங்க மேடையிலிருந்து அறிவித்துவிட்டார். அதிலிருந்து சபையில் பாதிப்பேர் உபவாசம். சாவு என்ற பேச்சை எடுப்பதே அவிசுவாசம் என்றாகிவிட்டது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். தேய்ந்த கயிற்றைத் தேய்ந்தது என்றே சொல்லி, கட்டட முதலாளிகளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு வாழ்ந்தவர். அவருக்கா தன் நிலைமை தெரியாது? சில நாட்களாக அவர் கேட்பது, கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாக அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் போதகர் கொடுக்கும் திருவிருந்து ஒன்றைத்தான். அண்ணன் அதையும் தள்ளிப்போட்டார். படுக்கையில் கொடுத்தால் வழியனுப்பி வைப்பது போலாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை தன் காலால் நடந்து வந்து ஆலயத்திலேயே வாங்கட்டும் என்றார். இன்றைக்கு வியாழன்.

அண்ணன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. கல்யாணம், தையல் வேலை, இந்த வாடகை வீடு எல்லாம் அவர் பார்த்து முடிவு செய்தவை. எதிர்த்துப் பேச நினைத்தாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காலையில் தலையணையைச் சரிசெய்தபோது கணவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் போறேன்னு எனக்குத் தெரியும்மா. உங்க அண்ணன்தான் பயப்படறாரு. நீயுமா?"

அப்படியெல்லாம் பேசாதீங்க என்று வெளியே வந்தவள்தான். அதிலிருந்து இருப்புக்கொள்ளாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். என்ன செய்யட்டும் என்று ஆண்டவரிடம் ஓயாமல் கேட்டாள். பதில் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

உள்ளே கணவரின் மூச்சு தடுக்கித் தடுக்கி இழுத்தது. அவருக்கு மலச்சிக்கலுக்காக ஊறவைத்திருந்த உலர்திராட்சையைப் பிசைந்து, தண்ணீரை ஒரு டம்ளரில் வடிகட்டினாள். ரொட்டிப் பொட்டலத்தில் கடைசித் துண்டு மட்டும் ஓரம் காய்ந்து கிடந்தது. இரண்டையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

"போதும்ண்ணா. எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

அண்ணன் கண்ணைத் திறந்தார். தட்டைப் பார்த்ததும் முகம் கறுத்தது. "இது உன் வேலை இல்ல பாப்பா. உன் விசுவாசம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலண்ணா. அதனாலதான் செய்யறேன். நீங்க குடுக்கறதா இருந்தா குடுங்க, இல்லன்னா நான் குடுக்கறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவர் இருக்க மாட்டாரு."

சொல்லக்கூடாததைச் சபையார் முன்னாலேயே சொல்லிவிட்டாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. வழக்கம்போல அவள் தலை குனிவாள் என்று அண்ணன் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு வேதாகமத்தை மூடிக்கொண்டு வெளியேறினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

அவளுக்கு வசனம் முழுதாக வாயில் வரவில்லை. "இது அவரோட சரீரம்" என்று மட்டும் சொன்னாள். ரொட்டியைப் பிட்டபோது துணுக்குகள் கணவரின் சட்டையில் உதிர்ந்தன. சிறு துண்டைத் திராட்சைத் தண்ணீரில் நனைத்து ஊட்டினாள். அதை விழுங்க அவர் வெகுநேரம் பாடுபட்டார்.

"நீ எடுத்துக்கலையா?"

எடுத்துக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இத்தனை நாளில் யாருமே அவரிடம் இதைக் கேட்டதில்லை. கொஞ்சம் என்றார். கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வெயில் கட்டிலை விட்டு நகர்வதற்குள் மூச்சு நின்றது.

அவள் கதவைத் திறந்தாள். அண்ணன் வெளியே சுவரோரம் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். உள்ளே போய்க் கட்டிலருகே மண்டியிட்டு, மாப்பிள்ளையின் சட்டையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கீழே உதறிவிடப் போகிறார் என்று நினைத்தாள். அவர் அவற்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.