பாஷாவுக்கு நாற்பது நாள் கெடு

கெய்ரோவின் ஷுப்ராவில், நான்காம் மாடி வீட்டில் பாம்பு வளர்க்க நிவீனுக்கு அவள் அம்மா நாற்பது நாள் கெடு கொடுத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கும் நாற்பது, செத்தவனுக்கும் நாற்பது. பாம்புக்கு மட்டும் என்ன தனிக் கணக்கு? நாற்பதாம் நாள் அம்மா தொடும்போது அது சீறாமல் இருந்தால் வீட்டில் இருக்கலாம். சீறினால் வாங்கிய கடைக்கே போக வேண்டும்.

நிவீன் எதையும் நோட்டில் எழுதி வைத்துச் செய்கிறவள். 'முதல் நாள்: பெட்டிக்குள் கை, ஐந்து நிமிடம். சீறியது. பன்னிரண்டாம் நாள்: மணிக்கட்டில் ஏறியது. இருபதாம் நாள்: தோளில் அசையாமல் கிடந்தது.' அதன் கீழே சிறிய எழுத்தில்: 'பழகிவிட்டதா, சலித்துவிட்டதா?'

செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுகள் கொண்ட விஷமில்லாத அந்தப் பாம்புக்குப் பாஷா என்று பெயர். அம்மா அதன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது மட்டும், பாஷாவின் தீனியைப் பார்த்து, "என் முலூகியாக் கீரைக்குப் பக்கத்துல செத்த எலியா!" என்று கத்துவாள்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் பெட்டி காலியாகக் கிடந்தது. நோட்டில் 'மூடி பூட்டியாயிற்று' என்று இருந்தது. பூட்டிவிட்டு எழுதினோமா, எழுதிவிட்டுப் பூட்ட மறந்தோமா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் அம்மா ரிஃபாயி ஷேக்குக்கு ஆள் அனுப்பிவிட்டாள். வீட்டில் புகுந்த பாம்பை ஓதி வரவழைப்பது ரிஃபாயிகளின் பரம்பரைத் தொழில்.

ஷேக் ஹமூதாவின் அங்கிக் கைக்குள் ஒரு தலையணையே நுழையும். "உம்மு நிவீன், எல்லாரும் தரையைப் பாருங்க. நிமிர்ந்தா அதுக்குக் கோவம் வரும்" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு கூடத்தில் விருந்தாளிகளுக்கென்றே துணி போர்த்தி வைத்திருந்த தங்கமுலாம் சோபாவின் அடியில் கையை விட்டார்.

"வந்துருச்சு!"

அம்மா குலவையிட்டாள். நிவீன் நிமிர்ந்தாள். ஷேக்கின் கையில் ஒரு சாம்பல் நிறப் பாம்பு நெளிந்தது.

அது பாஷா இல்லை. பாஷா இன்னும் வீட்டில்தான் திரிகிறது என்று சொன்னால் அம்மா தந்தா ஊரிலிருக்கும் தன் தங்கை வீட்டுக்கு மூட்டை கட்டிவிடுவாள். நாற்பது நாள் கெடு முப்பத்தெட்டிலேயே முடிந்துவிடும். சொல்லாவிட்டால் பாம்பு போய்த் தொலைந்தது என்று எல்லாரும் நிம்மதியாவார்கள். பாஷா எங்கோ பட்டினி கிடக்கும். நிவீன் ஷேக்கின் அங்கிக் கையையும் பாம்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதற்குள் அம்மா ஒரு விரலால் பாம்பைத் தொட்டிருந்தாள். பிறகு இரண்டு விரலால். "அடியே, நல்லாத்தான்டி பழக்கியிருக்க! மௌலானா, அதை அவகிட்டயே குடுங்க. வச்சுக்கட்டும்."

ஷேக் பாம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இல்ல... பாலைவனத்துல விடறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"பாம்புக்குத்தான்."

"எங்க வீட்டுப் பாம்புக்கும் உங்களுக்கும் என்ன வாக்கு? குடுங்கன்னா!" அம்மா வாலைப் பிடித்தாள்.

ஷேக் நிவீனின் காதருகே குனிந்தார். "மகளே, ஆறு வருஷமா பிள்ளை மாதிரி வளர்த்தது. நீயாவது சொல்லேன்."

அதுவும் ஒரு வீட்டில் வளர்கிற பாம்புதானே என்று நிவீனுக்கு மனம் இளகிவிட்டது. "அம்மா, விடு. அது அவரோடது. பாஷா இன்னும் கிடைக்கல."

அம்மா கத்த வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து, கூடத்து மூலையில் ஃப்ரிட்ஜின் பின்னால் மோட்டார் சூட்டில் சுருண்டு கிடந்த பாஷா, சத்தம் கேட்டு மெல்ல ஊர்ந்து வந்து ஷேக்கின் செருப்பருகே நாக்கை நீட்டியது.

ஷேக் ஒரே தாவலில் சோபாவின் மேல் நின்றார். "ஐயோ, நிஜப் பாம்பு! பல்லு இருக்கா? கடிக்குமா?"

"செருப்புக் காலோட என் சோபாவுலயா! இருபது வருஷமா என் புருஷனையே அதுல உட்கார விட்டதில்ல!" அம்மா குனிந்து, கைக்கு அகப்பட்டதை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இறங்குறீங்களா, இல்ல இதை மேல விடவா?"

ஷேக் தன் பாம்போடு படிகளில் உருண்டோடும் சத்தம் தெருவரை கேட்டது.

அதன்பிறகுதான் அம்மா தன் கையைப் பார்த்தாள். பாஷா அவள் முழங்கையைச் சுற்றிக்கொண்டு சீறாமல் கிடந்தது. நிவீன் நோட்டை எடுத்தாள்.

"சில்லுன்னு இருக்குடி" என்றாள் அம்மா. பெட்டி வரைக்கும் அவளே நடந்தாள். "மூடியை இனிமே நான் பூட்டுறேன். நீ எழுதிக்கிட்டு மட்டும் இரு."