குத்துனது நெசம்

மாரப்பனின் கையில் கத்தரியை இறக்கியதைச் செல்லத்தாய் எவரிடமும் மறைக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோதும், "ஆமா, நாந்தான் குத்துனேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையே போதுமென்று வழக்கை எழுதிவிட்டார்கள்.

அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் அவள் டெய்லர், அவன் சூப்பர்வைசர். துணி எடுக்க ஸ்டோர் அறைக்குள் போனவளைப் பின்னாலிருந்து கழுத்தோடு வளைத்துப் பிடித்தான். பிசிறு வெட்டும் கத்தரி அவள் கையிலேயே இருந்தது. பிடி இறுகியது, குத்திவிட்டாள். "வேலை சரியில்லைன்னு எட்ட நின்னு திட்டுனேன், பாஞ்சு வந்து குத்திட்டா" என்று அவன் புகார் கொடுத்தான்.

ஜாமீனில் வந்ததும் கம்பெனி ஆள் ஒருவர் வீடு தேடி வந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும், வேலையும் திரும்பக் கிடைக்கும் என்றார். புருஷன் இசக்கிமுத்துவுக்கு அது நியாயமாகப் பட்டது.

"ஏட்டி, எத்தனை வருசம் கோர்ட்டுக்கு நடப்ப? குத்தம்னு ஒத்துக்கிட்டு வந்துரு."

"குத்துனேன்னு ஆயிரம் தடவ சொல்லுதேன். குத்தம்னு ஒரு தடவகூடச் சொல்ல மாட்டேன்."

இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் சித்ராதேவிக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று.

"சட்டமும் அதைத்தானுங்க்கா சொல்லுது. செஞ்ச காரியம் வேற, குத்தம் வேற. உங்க உசுரையும் மானத்தையும் காப்பாத்திக்க, தேவையான அளவுக்கு அடிச்சா அது குத்தமே இல்லீங்க. ஆனா தற்காப்புன்னு சொல்றது நாம. அதை நாமதான் காட்டோணும்."

பல்லடம் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டை வாசித்துவிட்டுக் கேட்டார்: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

செல்லத்தாய் திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் மாரப்பன் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவள் மாஜிஸ்திரேட் பக்கம் நேராகத் திரும்பினாள்.

"குத்துனது நெசந்தான்யா. ஆனா நான் குத்தம் பண்ணல. அவன் கைய எடுத்திருந்தா நானும் கைய எடுத்திருப்பேன்."

"ஒப்புக்கொள்ளவில்லை" என்று குறித்துக்கொண்டார் மாஜிஸ்திரேட்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனது. மாரப்பன் கூண்டேறிய அன்று சித்ராதேவி அதிகம் கேட்கவில்லை.

"காயம் முழங்கைக்குக் கீழ, உள்பக்கம்னு டாக்டர் சொல்றாருங்க. எட்ட நின்னு திட்டுனவருக்கு உள்கையில எப்படிங்க குத்து விழும்?"

"அது... கைய வீசிப் பேசிட்டிருந்தேன்."

"அவங்க கழுத்துலயும் நகக்கீறல்னு டாக்டர் எழுதியிருக்காருங்களே, அதும் வீசிப் பேசுனதுலயா?"

அவன் தண்ணீர் கேட்டான்.

செல்லத்தாய் தரப்புச் சாட்சியாக, அதே கம்பெனியில் ஸ்டோர் அறையை ஒட்டிச் செக்கிங் வேலை பார்க்கும் ரஹ்மத்துன்னிசா வந்தாள். வந்தால் வேலை போய்விடும் என்று மிரட்டியும் வந்தாள். "நேர்ல பாத்தீங்களா?" என்று அரசு வக்கீல் மடக்கினார்.

"பாக்கலீங்க. பாத்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். 'விடுறா'ன்னு செல்லத்தாய் கத்துனதுதான் மொதல்ல கேட்டுச்சு. அதுக்கப்புறந்தானுங்க இவரு அலறுனாரு."

செல்லத்தாய் தற்காப்புக்காகவே குத்தினாள், அளவும் மீறவில்லை என்று சொல்லி மாஜிஸ்திரேட் அவளை விடுதலை செய்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் இசக்கிமுத்து பெருமூச்சு விட்டான். "அப்பாடா, முடிஞ்சுது. வா, வீட்டுக்குப் போவோம்."

"எனக்கு முடிஞ்சுது. அவனுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே."

புருஷனை எதிர்பார்த்து நிற்காமல் ஸ்டேஷனை நோக்கி நடந்தாள். கொஞ்ச தூரம் போனபின் பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கிமுத்து ஓடி வந்து சேர்ந்துகொண்டான்.

எழுத்தர் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் செல்லத்தாய்.

"மாரப்பன் மேல புகார் குடுக்கணும். எழுதுங்கய்யா, நிதானமா சொல்லுதேன்."