இரண்டு இடது கைகள்

என் வீட்டுக்காரருக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. தீப்பிடித்த கடைகளைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார். வீட்டிலேயே தையல் தொழில் தொடங்கப்போகிறேன் என்று நான் வாயைத் திறந்ததும் எனக்கும் ஒரு அறிக்கை தயாரானது. முப்பத்தொரு ஆபத்துகள். வயர் உருகலாம், துணி ஈரமாகலாம், வாடிக்கையாளர் படியில் வழுக்கி விழுந்து வழக்குப் போடலாம். பதினேழாவது, எலி. அந்தப் பட்டியலைச் சட்டம் போட்டுத் தையல் அறைச் சுவரில் மாட்டியும் வைத்தார்.

மூன்று வருஷத்தில் அதில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஒரு எலிகூட எட்டிப் பார்க்கவில்லை.

"வீட்டுலதானே இருக்க? கேஸ் சிலிண்டர் வரும், வாங்கி வெச்சிடு." இது அவர். "வீட்டுலதானே அண்ணி இருக்கீங்க? வாஷிங் மெஷின் பார்க்க ஆள் வரான், கொஞ்சம் கூட நில்லுங்களேன்." இது மாடியில் குடியிருக்கும் நாத்தனார். அவள் வீட்டுச் சாவி என்னிடம், அவளுக்கு வரும் கூரியர் என்னிடம், மழை வந்தால் அவள் துணியை எடுப்பதும் நான்தான். இவரும் சில நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவார். மணி அடித்தால் அன்றும் நான்தான் எழ வேண்டும். அவர் வேலையில் இருக்கிறாராம்!

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு மாஸ்டர் இருபத்துநாலு கோட்டு தைக்கக் கொடுத்தார். எனக்கு வந்ததிலேயே பெரிய வேலை. நன்றாக அமைந்தால் வருஷா வருஷம் உங்களுக்குத்தான் என்றார். முதல் ஆறு கோட்டைப் போட்டுப் பார்க்கும் நாளில், டிரம்பெட் வாசிக்கும் பெண்ணால் வலக்கையைத் தூக்கவே முடியவில்லை. இரண்டு பக்கமும் இடது கை வைத்துத் தைத்திருந்தேன். அப்படியென்றால் வேறொன்றில் இரண்டும் வலதாக இருக்க வேண்டும். இருந்தது. இருபது வருஷம் ஊசி பிடித்தவள் செய்கிற காரியமா இது? அந்தக் கைகளை வைத்துத் தைத்தபோது ஏழு முறை எழுந்து கதவைத் திறந்திருந்தேன்.

பேண்டு மாஸ்டர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "வீட்டுல தைக்கிறவங்ககிட்ட குடுக்காதீங்கன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் அப்பவே சொன்னாங்கம்மா. மிச்சம் பதினெட்டும் வெள்ளிக்கிழமை சரியா வரலைன்னா, இனிமே கடைதான்" என்றார். அவமானத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பட்டியலைக் கழற்றினார், பேனாவை எடுத்தார். "முப்பத்திரெண்டு. கவனக்குறைவு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க ஆபீஸ்ல யாராவது வந்து சிலிண்டர் வாங்கி வைன்னு சொல்றாங்களா?"

"அது ஆபீஸ்மா" என்றார், நிஜமாகவே புரியாமல்.

மறுநாள் அவர் மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டிருந்தார். நான் நல்ல உடையாக உடுத்தி, கைப்பையை மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு, "நான் வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று முன்வாசல் வழியாகக் கிளம்பினேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்கதவு வழியாக வந்து, தையல் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். மெஷின் சத்தம் அவருக்குக் கேட்கும்தான். கேட்கட்டும்.

பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. கால் தானாக எழப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்து என் போன். இரண்டு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர்தான்.

"எங்கம்மா இருக்க?"

"வேலையில" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. நாத்தனார் குரல். "அண்ணி எங்கண்ணா? வீட்டுலதானே இருக்காங்க? மெஷின் சத்தம் கேட்டுச்சே."

நான் கையிலிருந்த துணியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இல்ல. அவ வேலைக்குப் போயிருக்கா. சாயங்காலம் வா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துணி ஈரமாகலாம் என்பது பட்டியலில் இருக்கிறதே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த கையை எடுத்து, வலதுதானா என்று பார்த்துவிட்டு வைத்துத் தைத்தேன். வெள்ளிக்கிழமை பதினெட்டு கோட்டும் போய்ச் சேர்ந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு வலது, ஒரு இடதாக.