எண்பத்தாறு நாள் டியூப்

முதியோர் இல்லத்தில் இருபத்தெட்டுக் கட்டில், பார்க்க இரண்டே நர்ஸ். மூத்தவளுக்குக் காலையிலேயே இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பரிசோதனை ரிப்போர்ட் வேறு வந்து தொலைத்தது.

ஆறாம் அறை டிரைவர் ஐயாவின் உடம்பில், ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு மசியாத கிருமி குடியேறியிருக்கிறதாம். இப்போதைக்கு அவருக்கு நோய் ஒன்றும் இல்லை, கிருமி சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் அவர் மனைவி, படுத்தே கிடந்து முதுகெல்லாம் புண். அந்த அம்மாவுக்கு இன்னும் தொற்றவில்லை. அந்தப் புண்ணில் ஏறிவிட்டால் அப்புறம் ஆண்டவன் விட்ட வழிதான். ஐம்பத்தொரு வருடம் ஒரே அறையில் படுத்தவர்களை இன்றைக்குப் பிரித்தாக வேண்டும்.

ரிப்போர்ட்டோடு ஒரு ஃபார்மும் இருந்தது. சமீபத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாரா? இருந்தார். ஆன்டிபயாடிக் எத்தனை முறை? மூன்று. சிறுநீர் டியூப் உண்டா? உண்டு. எத்தனை நாளாக? மூத்தவள் காலண்டரைப் பார்த்து எண்ணினாள். எண்பத்தாறு. காரணம்?

அங்கேதான் பேனா நின்றது. காரணமாம், மண்ணாங்கட்டி. ஆஸ்பத்திரியில் நாலு நாளைக்கென்று போட்டு அனுப்பினார்கள். டியூப் இருந்தால் விரிப்பு நனையாது, அவரைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்கு நடத்திப்போக வேண்டாம். இருபத்தெட்டுப் பேரில் ஒருத்தர் வேலை மிச்சம். எடுக்கலாமா என்று டாக்டரிடம் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

'எங்கள் வசதிக்காக' என்று எழுதினாள்.

டாக்டருக்குப் போன் போட்டாள். எடுத்துவிடச் சொன்னார். கையுறை மாட்டிக்கொண்டு டியூபை எடுத்தபோது ஐயா சிரித்தார்.

"பரவாயில்லையே சிஸ்டர், நான் ஓட்டின பஸ்கூட இவ்வளவு லேட்டா வந்ததில்ல. எப்போ எடுப்பீங்கன்னு தினமும் கேட்டேன். நீங்களும் நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லிட்டிருந்தீங்க."

"தப்பு என் மேலதான் ஐயா," என்றாள். "அதுல கிருமி வந்திருக்கலாம். அம்மாவுக்குத் தொத்திடக்கூடாது. அவங்களை வேற ரூமுக்கு மாத்தறோம்."

ஐயாவின் சிரிப்பு நின்றுபோனது. கட்டிலை உருட்டியபோது, அம்மா புண் வலியையும் பொறுத்துக்கொண்டு அவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

"இவளை எப்போ திரும்பக் கூட்டிட்டு வருவீங்க?" என்று ஐயா கேட்டார்.

நாளைக்கு என்ற சொல் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"தெரியல ஐயா," என்றாள்.